கேன் (ஜெர்மனி): 'டேகோ மேகோ' பாதியில் நின்றுவிட்டது, அடுத்து எதைக் கேட்பது?

இரவுப்பேருந்து எழுதியது:

வணக்கம் நண்பர்களே. பல வருடமாக பிங்க் ஃப்ளாய்ட், கிங் கிரிம்சன், ஜெனிசிஸ் என்று ஒரே வட்டத்தில் சுற்றிக்கொண்டிருந்தவன், போன மாதம்தான் இங்கிலாந்தை விட்டு ஜெர்மனிப் பக்கம் வந்தேன். 1970-களின் ஜெர்மன் ராக் என்று பேச்செடுத்தால் யாரும் முதலில் சொல்வது கேன் என்ற குழுவை. தமிழில் தேடினால் தண்ணீர் கேன்தான் வருகிறது, அதைத் தாண்டிக் கண்டுபிடிக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அவர்களுடைய ஆல்பங்களில் எல்லோரும் சிறந்தது என்று சொல்லும் 'டேகோ மேகோ'வை வாரக் கடைசியில் ஊருக்குப் போகும் பேருந்தில் போட்டேன்.

'பேப்பர்ஹவுஸ்' மெதுவாகத் தொடங்கித் திடீரென்று பிய்த்துக்கொண்டு ஓடியதும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். 'மஷ்ரூம்' ஒரு வெடியோடு முடிகிறது, அந்த வெடிக்குள்ளிருந்தே 'ஓ யா' கிளம்புகிறது, பாடகர் என்ன மொழியில் பாடுகிறார் என்று தெரியவில்லை, தெரியவேண்டும் என்றும் தோன்றவில்லை. 'ஹாலேலூவா' வந்தபோது வண்டி திண்டிவனம் தாண்டியிருந்தது. அந்த டிரம்ஸ் 18 நிமிடமும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் போகிறது, ஆனால் ஒரு நொடிகூட அலுக்கவில்லை. அது எப்படி என்று இன்னும் எனக்குப் புரியவில்லை. அப்புறம் 'ஆம்க்ன்' தொடங்கியது. நீளமான எதிரொலி, யாரோ தொண்டைக்குள்ளிருந்து இழுக்கும் ஓசை, தாளம் எங்கே போனது என்றே தெரியவில்லை. ஏழெட்டு நிமிடம் பொறுத்தேன், இயர்போனைக் கழற்றிவிட்டேன். அப்புறம் இரண்டு தடவை முயன்றும் அதே இடத்தில்தான் நிற்கிறேன்.

இந்த ஆல்பத்தையே மறுபடி மறுபடி கேட்டுப் பழக வேண்டுமா, அல்லது வேறு எதிலிருந்தாவது தொடங்கிவிட்டு இதற்குத் திரும்ப வேண்டுமா? பட்டியலில் 1969 முதல் 1979 வரை கிட்டத்தட்ட வருடத்துக்கு ஒன்று இருக்கிறது, 1989-ல் இன்னொன்று, அதுபோக லைவ் ரெக்கார்டிங் வேறு. பாடகர் டாமோ சுசுகி குழுவை விட்டுப் போன பிறகு வந்தவை கேட்கத் தகுந்தவையா? கேட்டு ஊறியவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


ரீல்நாடா எழுதியது:

நண்பரே, நீங்கள் நிறுத்திய இடம் சரியான இடம். எல்பி இசைத்தட்டில் அங்கேதான் மூன்றாவது பக்கம் தொடங்குகிறது.

'டேகோ மேகோ' 1971-ல் இரட்டை எல்பியாக வந்தது. முதல் பக்கத்தில் நீங்கள் சொன்ன மூன்று பாட்டு. இரண்டாவது பக்கம் முழுக்க 'ஹாலேலூவா'. மூன்றாவது பக்கம் முழுக்க 'ஆம்க்ன்', பதினேழரை நிமிடம். நான்காவதில் 'பீகிங் ஓ', 'பிரிங் மீ காஃபி ஆர் டீ'. அன்றைக்கு இதை வாங்கியவர் 'ஹாலேலூவா' முடிந்ததும் எழுந்து போய் முதல் தட்டை உறைக்குள் வைத்து இரண்டாவதை எடுத்துப் போட வேண்டும். அன்று வேண்டாம் என்று தோன்றினால் அப்படியே விட்டுவிடலாம், மறுநாள் வேறு மனநிலையில் மூன்றாவது பக்கத்தை மட்டும் போடலாம். போன் அப்படி விடுவதில்லை, 73 நிமிடத்தையும் ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறது. ஆக, ஒரு நாளைக்கு ஒரு பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேனை இப்படிக் கேட்கத் தொடங்கிய பிறகுதான் எனக்கே பிடிபட்டது.

முதலில் இதை ஒற்றை எல்பியாக விடுவதாகத்தான் இருந்தது. குழுவின் மேலாளரும், கீபோர்டு வாசித்த இர்மின் ஷ்மிட்டின் மனைவியுமான ஹில்டகார்ட்தான் அந்தச் சோதனைப் பகுதிகளையும் சேர்க்க வேண்டும் என்று நின்றார். பாட்டுப் பாட்டாக வாசித்து முடித்த இடைவேளைகளில் குழு சும்மா வாசித்துக்கொண்டிருக்கும்போது பாஸ் கிட்டார் வாசித்த ஹோல்கர் ஷூகாய் அவர்களுக்குத் தெரியாமல் டேப்பை ஓடவிட்டிருக்கிறார், தவறிப்போய் அறைக்குள் ஓடிவந்த குழந்தையின் கூச்சலும் நாயின் ஊளையும்கூட 'ஆம்க்ன்'க்குள் போயிருக்கின்றன. அதில் இழுத்து ஓதுவது சுசுகி இல்லை, இர்மின் ஷ்மிட். அதனால்தான் முந்தைய பக்கத்தில் உங்கள் கையைப் பிடித்து அழைத்துப்போன குரல் இங்கே காணாமல் போய்விடுகிறது.

சரி, எதிலிருந்து தொடங்குவது? என்னைக் கேட்டால் 1972-ல் வந்த 'எகே பாம்யாசி'. உறையில் ஒரு வெண்டைக்காய் டப்பா இருக்கும். துருக்கியில் பாம்யா என்றால் வெண்டைக்காய், எகே என்றால் ஏஜியன் கடல் பக்கம். கேன் என்பதை எழுதும் அதே மூன்று எழுத்தைத் துருக்கிக்காரர்கள் 'ஜான்' என்று வாசிப்பார்கள், உயிர் என்று பொருள். மொத்தம் 40 நிமிடம், ஏழு பாட்டு, அதில் நான்கு பாட்டு ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 'விட்டமின் சி'யில் யாக்கி லீபெட்சைட்டின் டிரம்ஸை மட்டும் ஒரு முறை கேளுங்கள், பாஸ் கிட்டாரை மட்டும் இன்னொரு முறை கேளுங்கள். 'ஒன் மோர் நைட்' ஓடும்போது தாளத்தை விரல் விட்டு எண்ணுங்கள், ஒரு சுற்றுக்கு ஏழு வரும். எண்ணாவிட்டால் ஏழு என்றே தெரியாது, அவ்வளவு வழுக்கிக்கொண்டு போகும். கடைசியில் 'ஸ்பூன்'. இது ஒரு தொலைக்காட்சி மர்மத் தொடருக்குப் போட்ட பாட்டு, ஜெர்மனியில் விற்பனைப் பட்டியலில் 6-ஆம் இடம் வரை போனது. தாள இயந்திரம் ஒன்று தட்டிக்கொண்டிருக்க, அதனோடு சேர்ந்தே யாக்கியும் வாசிக்கிறார், எது இயந்திரம் எது கை என்று பிரித்துப் பார்ப்பதே ஒரு சுகம்.

இதிலேயே 'சூப்' என்று பத்து நிமிடப் பாட்டு ஒன்று உண்டு. பாதிவரை ஒழுங்காகப் போய், அப்புறம் அப்படியே உடைந்து இரைச்சலாகிவிடும். அதைத் தாண்டிவிட்டீர்கள் என்றால் 'ஆம்க்ன்' உங்களைத் தடுக்காது.


மூலைக்கடை எழுதியது:

நான் உடன்படவில்லை. ஒரு குழுவை உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும் என்றால் அவர்கள் நடந்த வழியில் நடப்பதுதான் சரி. 1969-ல் வந்த 'மான்ஸ்டர் மூவி'யிலிருந்து தொடங்குங்கள் ப்ரோ.

யார் இவர்கள் என்று பாருங்கள். இர்மின் ஷ்மிட்டும் ஹோல்கர் ஷூகாயும் ஜெர்மன் இசையமைப்பாளர் ஷ்டாக்ஹவுசனிடம் படித்தவர்கள், முப்பது வயதைத் தொட்டவர்கள். யாக்கி ஃப்ரீ ஜாஸ், அதாவது கட்டுப்பாடில்லாத ஜாஸ், வாசித்துக்கொண்டிருந்தவர். கிட்டார் வாசித்த மைக்கேல் கரோலி மற்ற மூவரையும் விடப் பத்து வயது சின்னவர், ஷூகாயிடம் பாடம் படித்த பையன். ராக் என்றால் என்ன என்று வாத்தியாருக்குக் காட்டியதே அந்த மாணவன்தான். ராக் வாசித்துப் பழக்கமில்லாத இப்படிப்பட்டவர்கள் 1968-ல் கொலோனில் ஒன்று சேர்ந்தபோது, இங்கிலாந்து குழுக்களைப் போல் வாசித்துக் காட்ட வேண்டும் என்ற எண்ணமே அவர்களுக்கு இல்லை. பாடியவர் மால்கம் மூனி, அமெரிக்கக் கறுப்பினச் சிற்பி, அதற்கு முன்னால் தொழில்முறைப் பாடகராக இருந்தவர் இல்லை. 'மான்ஸ்டர் மூவி'யை முதலில் 500 பிரதிதான் அடித்தார்கள்.

அதில் இரண்டாவது பக்கம் முழுக்க 'யூ டூ ரைட்', 20 நிமிடம். மணிக்கணக்கில் வாசித்ததிலிருந்து வெட்டி எடுத்தது. மூனி ஒரு காதல் கடிதத்தின் வரிகளைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், ஒரு கட்டத்தில் டிரம்ஸும் அந்தக் குரலும் மட்டும் மிஞ்சி நிற்கும், அங்கே தனியாக உட்கார்ந்து கேட்டால் உடம்பு சிலிர்க்கும். 'ஹாலேலூவா' ஏன் அலுக்கவில்லை என்று கேட்டீர்களே, அதற்கான விதை இங்கேதான் கிடக்கிறது. யாக்கி ஃப்ரீ ஜாஸில் எல்லாவற்றையும் வாசித்துப் பார்த்து முடித்தவர். ஒரு கச்சேரியில் யாரோ ஒரு ஆள் அவரிடம் வந்து, மாற்றாமல் ஒரே மாதிரி வாசி என்று சொன்னாராம், அது அவர் மனதில் தைத்துவிட்டது. ஒரே மாதிரி என்றால் உயிரில்லாமல் இல்லை, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அடி கொஞ்சம் மெலிதாக விழும், ஹை-ஹாட் என்ற இரட்டைத் தட்டு ஒரு இடத்தில் கூடுதலாகத் திறக்கும். காது அந்தச் சின்ன மாற்றத்துக்காகவே காத்திருக்கத் தொடங்கிவிடும்.

அடுத்தது 'சவுண்ட்ட்ராக்ஸ்', 1970. படங்களுக்குப் போட்ட பாட்டுகளின் தொகுப்பு என்பதால் பலர் தாண்டிப் போய்விடுவார்கள். தாண்டாதீர்கள். மூனி உடல்நிலை, மனநிலை சரியில்லாமல் அமெரிக்கா திரும்பிவிட, மியூனிக்கில் தெருவில் பாடிக்கொண்டிருந்த ஜப்பானிய இளைஞனை ஷூகாயும் யாக்கியும் பார்த்து, அன்று இரவே மேடையில் ஏற்றினார்கள், அவர்தான் டாமோ சுசுகி. இந்த ஆல்பத்தில் இரண்டு பேர் குரலும் அடுத்தடுத்து கேட்கும். இதில் உள்ள 'மதர் ஸ்கை' பதினாலரை நிமிடம், கரோலியின் கிட்டார் முதல் நொடியிலேயே உச்சத்தில் இருக்கும், பாட்டு ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தபோது நாம் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தது மாதிரி. 'டீப் எண்ட்' படத்துக்காக வாசித்தது.

இவ்வளவையும் கேட்டுவிட்டு 'டேகோ மேகோ'வுக்கு வந்தால் அது வானத்திலிருந்து விழுந்தது மாதிரி இருக்காது.


ரைன்கரை எழுதியது:

தம்பி, நான் ஜெர்மனிக்கு வந்து முப்பது வருடம் தாண்டிவிட்டது, கொலோனுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறேன். வந்த புதிதில் வேலை செய்த இடத்தில் என்னோடு நின்ற ஒரு ஜெர்மன்காரர் கேசட்டில் 'ஃப்யூச்சர் டேஸ்' பதிந்து தந்தவர். அப்போது எனக்கு ஜெர்மன் மொழியும் விளங்காது, இந்தப் பாட்டும் விளங்கவில்லை. ஆனால் இரவு வேலை முடிந்து ரயிலில் வரும்போது அதைத்தான் போடுவேன். அதனால் என் பங்குக்கு அந்த ஆல்பத்தைத்தான் சொல்லுவேன்.

மேலே இருவரும் சொன்னதில் ஒரு விசயம் விடுபட்டுப் போச்சு: இடம். 'டேகோ மேகோ'வைப் பதிந்தது நூர்வெனிக் என்ற ஊரில் உள்ள பழைய கோட்டை மாளிகையில். ஒரு கலைச் சேகரிப்பாளர் அவர்களுக்கு அதை வாடகையில்லாமல் கொடுத்திருந்தார். உயரமான கூடம், கல் சுவர். அந்த ஆல்பத்தில் கேட்கும் எதிரொலி எல்லாம் அந்தக் கட்டடத்தின் எதிரொலி. 1971 முடிவில் அங்கிருந்து வைலர்ஸ்விஸ்ட் என்ற சின்ன ஊருக்குப் போனார்கள், கொலோனுக்குத் தெற்கே, ரயிலில் போனால் கிட்டத்தான். அங்கே ஒரு பழைய சினிமா தியேட்டரை எடுத்து, எதிரொலியை அடக்க இராணுவ மெத்தை 1500 வாங்கிச் சுவர் முழுக்க அடித்தார்கள். 'எகே பாம்யாசி'யைக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு சத்தமும் வறண்டு, காதுக்குப் பக்கத்தில் நிற்கும். 'டேகோ மேகோ'வில் அதே டிரம்ஸ் தூரத்தில், பெரிய அறைக்குள் நிற்கும். ஒரு வருட இடைவெளிதான், ஆனால் சுவர் மாறிவிட்டது.

அந்த ஸ்டூடியோவை அப்படியே கழற்றி 2007-ல் குரோனாவ் என்ற ஊரில் உள்ள ராக் இசை அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார்கள், ஒல்லாந்து எல்லையில் இருக்கிற ஊர். 2011-ல் மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். மெத்தைகள் சுவரில் அப்படியே தொங்கின, கோடு போட்ட துணி, சில இடத்தில் மஞ்சளாகக் கறுத்துப் போயிருந்தது. அதற்குள் நின்று கதைத்தால் சொந்தக் குரலே வாயைவிட்டு வெளியே போகாத மாதிரி இருக்கும். மகள் கையைத் தட்டிப் பார்த்தாள், சத்தம் உடனே செத்துவிட்டது. அன்றைக்குத்தான் எனக்கு 'விட்டமின் சி' ஏன் அப்படிக் கேட்கிறது என்று விளங்கியது.

இன்னொன்று, இது முக்கியம். 1974 வரைக்கும் எல்லாவற்றையும் இரண்டு ட்ராக் டேப்பில்தான் பதிந்தார்கள். இன்றைக்கு மாதிரி டிரம்ஸைத் தனியாக, கிட்டாரைத் தனியாகப் பதிந்து பிறகு கூட்டிக் குறைக்க முடியாது. எல்லோரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், ஒருவர் சத்தத்தை ஒருவர் கேட்டு, இவர் கூடினால் அவர் தானாகவே குறைய வேண்டும். அதை மணிக்கணக்கில் செய்வார்கள், பிறகு ஷூகாய் டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டி ஒரு பாட்டாக்குவார். 'ஹாலேலூவா'வும் அப்படித்தான், ஓரிடத்தில் வெட்டு காதுக்கே தெரியும். 1975-ல் 'லேண்டட்' செய்யும்போது 16 ட்ராக் இயந்திரம் வந்தது. வசதி கூடியது, ஆனால் ஒருவரையொருவர் கேட்டு வாசிக்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. பிந்திய ஆல்பங்களில் ஏதோ ஒன்று குறைகிறது என்று பலர் சொல்வது டாமோ போனதால் மட்டும் இல்லை, என் கணிப்பில் அந்த இயந்திரத்துக்கும் அதில் பெரிய பங்கு இருக்கிறது.

'ஃப்யூச்சர் டேஸ்', 1973. நான்கே பாட்டு. இரண்டாவது பக்கம் முழுக்க 'பெல் ஏர்', 20 நிமிடத்துக்கு ஒரு சில நொடி குறைவு. நடுவில் எல்லாம் அடங்கி வெளியில் உள்ள பறவை, பூச்சிச் சத்தம் மட்டும் மிஞ்சும், பிறகு டிரம்ஸ் திரும்பி வரும். டாமோவின் குரல் பாட்டுக்கு முன்னால் நிற்காது, உள்ளே எங்கேயோ மிதக்கும். இதற்குப் பிறகு அவர் யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவப் பிரிவோடு சேர்ந்து குழுவை விட்டுப் போய்விட்டார். இரவில் கேளுங்கள் தம்பி, பேருந்துக்கு இதைவிடப் பொருத்தமானது கிடையாது.


சாய்வுநாற்காலி எழுதியது:

டாமோவுக்குப் பிறகு என்ன என்ற கேள்விக்கு யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை, அதனால் நான் சொல்கிறேன். கேட்கத் தகுந்தவை இருக்கின்றன, எல்லாமே இல்லை.

'சூன் ஓவர் பபலூமா', 1974. பாடகர் இல்லாமல் முதல் ஆல்பம், கரோலியும் ஷ்மிட்டும் மாறி மாறிப் பாடுகிறார்கள், பாடுகிறார்கள் என்பதைவிடக் கிசுகிசுக்கிறார்கள். 'டிஸ்ஸி டிஸ்ஸி'யில் கரோலி வயலின் வாசிக்கிறார். இரண்டாவது பக்கத்தில் 'செயின் ரியாக்‌ஷன்', 'குவாண்டம் ஃபிசிக்ஸ்' இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகும். இரண்டு ட்ராக்கில் செய்த கடைசி ஆல்பம் இதுதான், ரைன்கரை அண்ணா சொன்ன கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. டாமோ இல்லை என்பதற்காக இதை ஒதுக்குகிறவர்கள் பெரிய இழப்பைச் சந்திக்கிறார்கள் என்பது என் திடமான கருத்து.

1976-ல் 'ஃப்ளோ மோஷன்'. இதில் 'ஐ வான்ட் மோர்' என்ற மூன்றரை நிமிட டிஸ்கோ பாட்டு, இங்கிலாந்தில் 26-ஆம் இடம் வரை போனது. தீவிர ரசிகர்கள் பலருக்கு இது ஆகாது. எனக்குப் பிடிக்கும், சமைக்கும்போது அடிக்கடி போடுவேன், அதே யாக்கிதான் உள்ளே இருக்கிறார், சட்டை மட்டும் வேறு. 1977-ல் 'சா டிலைட்', இதில் ட்ராஃபிக் என்ற இங்கிலாந்துக் குழுவிலிருந்து வந்த ரோஸ்கோ ஜீ பாஸ் வாசிக்கிறார், ரீபாப் க்வாக்கு பா தாளக் கருவிகள். பாஸை விட்டுக்கொடுத்த ஷூகாய், சிற்றலை வானொலியையும் டேப்பையும் கருவியாக வைத்துக்கொண்டு வாசித்தார். 'அனிமல் வேவ்ஸ்' பதினைந்து நிமிடம், அதற்குள் எங்கோ ஒரு நாட்டுப் பாட்டு வானொலி வழியாக மிதந்து வந்து போகும். அதற்கு அடுத்த 'அவுட் ஆஃப் ரீச்' ஆல்பத்தில் ஷூகாயே இல்லை, குழுவே அதை நெடுங்காலம் தங்கள் பட்டியலில் சேர்க்காமல் வைத்திருந்தது. அதைக் கடைசிக்குத் தள்ளிவிடலாம். 1989-ல் வந்த 'ரைட் டைம்', மால்கம் மூனி திரும்பி வந்து பாடியது, பழைய நண்பர்கள் கூடி உட்கார்ந்த மாதிரி ஒரு இதம் அதில் உண்டு.

கேன் முடித்த பிறகு, ஜெர்மனியிலேயே இருப்பதென்றால், எம்ப்ரியோ பக்கம் போங்கள். மியூனிக் குழு, கிறிஸ்டியன் புர்ஹார்ட் நடத்தியது. 1973-ல் வந்த 'வி கீப் ஆன்' ஆல்பத்தில் சார்லி மரியானோ என்ற அமெரிக்க ஜாஸ் சாக்ஸபோன் கலைஞர் நாகஸ்வரம் வாசித்திருக்கிறார். நம்ம நாகஸ்வரமேதான். 1960-களில் மலேசியாவில் வேலையாக இருந்தபோது அங்கே தமிழர்கள் வாசிப்பதைக் கேட்டு, ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டவர். கிட்டாருக்கும் டிரம்ஸுக்கும் நடுவே அந்தச் சீவாளியின் குரல் கிளம்பும்போது என் அப்பாவைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னேன். கல்யாண வீடுகளில் கேட்டுப் பழகிய மனிதர், கண்ணை மூடிக் கடைசிவரை கேட்டார். வாசிப்பு சுத்தம் இல்லை, ஆனால் ஆள் மனசு வைத்து வாசிக்கிறான் என்றார்.


இரவுப்பேருந்து எழுதியது:

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. பத்து நாள் எடுத்துக்கொண்டு, நீங்கள் சொன்னதை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

முதலில் 'எகே பாம்யாசி'. ரீல்நாடா சொன்னபடி 'ஒன் மோர் நைட்' ஓடும்போது முன் சீட்டின் பின்புறத்தில் விரலால் தட்டி எண்ணினேன். ஏழுதான். மூன்றாவது நிமிடத்தில் எண்ணுவதை மறந்துவிட்டேன், பாட்டு முடிந்தபோது விரல் மட்டும் தானாகத் தட்டிக்கொண்டிருந்தது. 'சூப்' முதல் தடவை கஷ்டமாக இருந்தது, இரண்டாம் தடவை அந்த உடையும் இடத்துக்காகவே காத்திருந்தேன். மூலைக்கடை ப்ரோ, உங்களுக்காக 'யூ டூ ரைட்'டையும் கேட்டேன், நீங்கள் சொன்ன அந்த டிரம்ஸும் குரலும் மட்டும் மிஞ்சும் இடம் வந்தபோது உண்மையாகவே சிலிர்த்துவிட்டது, ஆனால் வரிசையாகக் கேட்கும் பொறுமை இப்போது இல்லை, மன்னிக்கவும்.

அப்புறம் ரைன்கரை அண்ணா எழுதிய மெத்தை விசயம். அதைப் படித்த பிறகு 'ஹாலேலூவா'வையும் 'விட்டமின் சி'யையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டேன். ஒன்று கூடத்தில், ஒன்று மெத்தை அறையில். இவ்வளவு வித்தியாசத்தையும் நான் முதலில் கவனிக்கவே இல்லை என்று நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை இரவு, வண்டியில் விளக்கெல்லாம் அணைத்த பிறகு, முன்னால் பின்னால் எதுவும் போடாமல் 'ஆம்க்ன்' மட்டும் போட்டேன். ஷ்மிட் இழுக்கும் அந்த ஓசை வந்தது. அந்தக் குழந்தையின் கூச்சலைத் தேடிக்கொண்டே கேட்டதால் ஒவ்வொரு சத்தமும் எங்கிருந்து வருகிறது என்று காது போய்ப் பார்த்தது. கடைசியில் டிரம்ஸ் வெறிபிடித்த மாதிரி வரும் என்று யாரும் சொல்லவில்லையே! பதினேழு நிமிடமும் கழற்றவில்லை. பிடித்துவிட்டதா என்றால் இன்னும் சொல்லத் தெரியவில்லை, ஆனால் மறுபடி கேட்பேன்.

'ஃப்யூச்சர் டேஸ்' பற்றி ஒன்றும் எழுத வரவில்லை. மூன்று இரவாக அது மட்டும்தான் ஓடுகிறது.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். லைவ் ரெக்கார்டிங்கில் எதை முதலில் கேட்பது?


ரீல்நாடா எழுதியது:

படிக்கவே சந்தோஷமாக இருக்கிறது. 2021-லிருந்து ஒரு லைவ் வரிசை வந்துகொண்டிருக்கிறது: ஷ்டுட்கார்ட் 1975, பிரைட்டன் 1975, குக்ஸ்ஹாவன் 1976, பாரிஸ் 1973, ஆஸ்டன் 1977, கீல் 1977. பாட்டுகளுக்குப் பெயர் கிடையாது, ஜெர்மன் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் மட்டும். மேடையில் ஆல்பத்தில் உள்ளதைத் திருப்பி வாசிக்க மாட்டார்கள், தெரிந்த பாட்டு ஒன்றின் முகம் நடுவில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். அதிகாரப்பூர்வமாகப் பதிவு செய்து வைத்தவை இல்லை இவையெல்லாம். ஒரு ரசிகர் அகலமான கால்சட்டைக்குள் ரெக்கார்டரை மறைத்து எடுத்துப்போய்ப் பல கச்சேரிகளைப் பதிந்து வைத்திருந்தார், இந்த வரிசைக்கு அந்த டேப்கள் பெரிய ஆதாரம்.

உங்களுக்கு முதலில் பாரிஸ் 1973. இந்த வரிசையில் டாமோ பாடுவது அதில் மட்டும்தான். முதல் பகுதியே அரை மணி நேரத்துக்கு மேல் போகும், அப்புறம் 'ஒன் மோர் நைட்', 'ஸ்பூன்', கடைசியில் 'விட்டமின் சி'. அது 2024 பிப்ரவரியில் வெளிவந்தது, அதே மாதம் டாமோ காலமாகிவிட்டார். கரோலி 2001-லேயே போய்விட்டார், யாக்கியும் ஷூகாயும் 2017-ல் ஒரே வருடத்தில். தொடங்கிய நால்வரில் இப்போது இர்மின் ஷ்மிட் மட்டும்.

அதற்குப் பிறகு 2012-ல் வந்த 'தி லாஸ்ட் டேப்ஸ்', மூன்று சிடி. ஸ்டூடியோவைப் பிரித்து எடுத்தபோது கிடைத்த டேப்களிலிருந்து தேர்ந்தெடுத்தது. அதில் 'டெட் பிஜன் சூட்' என்று ஒன்று, பதினோரு நிமிடத்துக்கு மேல். சும்மா போட்டுவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள், எங்கோ ஓரிடத்தில் 'விட்டமின் சி' இன்னும் 'விட்டமின் சி' ஆகாத நிலையில் தலை காட்டும்.


ரைன்கரை எழுதியது:

தம்பி, 'பெல் ஏர்' கேட்கும்போது அந்தப் பறவைச் சத்தம் வரும் இடத்தில் ஒலியைக் கூட்டாதீர்கள். வண்டிச் சத்தத்தோடு சேர்த்தே கேளுங்கள். நான் ரயிலில் அப்படித்தான் கேட்டேன், இன்றைக்கும் அந்த இடம் வந்தால் தண்டவாளச் சத்தம் இல்லாமல் எனக்கு அது முழுசாக இருப்பதில்லை.